ஜி மைனரில் இறங்கிய ஷட்டர்கள்

நான் ஜெர்மனிக்கு வந்த புதிதில், வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்ன ரேடியோ நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். ஒரு காலையில் பேச்சு நின்று, வயலின்கள் மட்டும் மெதுவாக, மிக மெதுவாக இழைய ஆரம்பித்தன. அடியில் ஒரு செல்லோ, மூட்டை சுமப்பவன் படியிறங்குவது போல, ஒவ்வோர் அடியாக வைத்து இறங்கியது. பக்கத்து மேசைக்காரரிடம், "யார் இறந்துவிட்டார்கள்?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "இதை எழுதியவர்தான். முந்நூறு வருஷம் இருக்கும்" என்றார். நான் சிரிக்கவில்லை. பஸ் ஓடுமா என்று கேட்டேன். அன்று முழுக்க அவர் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வானொலியில் பாட்டு நின்று சோக வாத்தியம் ஓடினால் பெரிய தலைவர் யாரோ போய்விட்டார். கடைக்காரர் ஷட்டரை இறக்குவார். அம்மா ஓடிப்போய்ப் பால் வாங்கி வைப்பாள். ரயில் நின்றுபோய், அப்பா பல்லாவரத்திலிருந்து தண்டவாளத்தோரமாக நடந்து வருவார். அவர் தலை தெரியும்வரை நாங்கள் வாசலிலேயே நிற்போம். செய்தி பிறகுதான் வரும், வாத்தியம் முதலில் வந்துவிடும். இங்கேயோ அது ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாப்பாட்டுக்கான சங்கீதம். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்கிறார்கள், படுபாவிகள்! போகப் போக நானும் தடவிக்கொண்டே கேட்கப் பழகிவிட்டேன். என் மகள் ரம்யா வயலின் கற்றுக்கொண்டு அதே ஜாதியில் ஒன்றை வீட்டில் வாசிக்க ஆரம்பித்தாள். ஜி மைனர் ஸ்கேல், லார்கோ என்கிற மிக மெதுவான நடை. நம் கீரவாணியை மூச்சுப் பிடித்து இழுத்தது போலிருக்கும். "இதைச் சோகமாக வாசிக்க வேண்டுமா?" என்று அவளுடைய டீச்சரிடம் கேட்டேன். "சோகம் எங்கே இருக்கிறது? மெதுவாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்றார்.

அந்த வயலினோடுதான் இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். பீர்க்கன்கரணையில் தம்பி வீடு, முதல் மாடி. கீழே பாயின் ஹார்டுவேர் கடை. அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. முந்தின வாரம் மழையில் ஒரு முறை தவறிப்போய், நுரையீரலில் நீர் கோத்து, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் அவள் பட்ட பாட்டை நானே பார்த்தேன். இன்னொரு முறை தவறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று தம்பி நாவலூரில் ஆபீசில் இருந்தான். அம்மாவை அழைத்துப்போவது என் பொறுப்பு. ஊரோ ஒரு கலக்கத்தில் இருந்தது. தலைவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கவலைக்கிடமாக இருக்கிறார் என்று டீக்கடைகளில் குசுகுசுப்பு.

அம்மாவைக் கைத்தாங்கலாகப் படியிறக்கும்போதே கடகடவென்று சத்தம். பாய் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். எதிரே மெடிக்கல் கடை, அடுத்து பேக்கரி, தெருமுனைவரை ஒவ்வொன்றாக இறங்கின. அம்மாவைக் கடைசிப் படியில் உட்காரவைத்துவிட்டு, வழக்கமாக அவளைக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரன் பாபுவிடம் ஓடினேன். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா போற? அம்மாவுக்கு டயாலிசிஸ்!"

"இன்னா சார் நீ, விஷயமே தெரியாதா? தலைவர் பூட்டாரு. இப்ப வண்டிய எடுத்தா கொளுத்திடுவானுங்க."

"அவங்க தாங்கமாட்டாங்க பாபு."

"எனக்கும் புள்ள குட்டி கீது சார்."

"விடுடா, நாளைக்குப் போய்க்கலாம்" என்றாள் அம்மா, மூச்சு வாங்கியபடி. அவள் பாதங்கள் வீங்கிப் பளபளவென்றிருந்தன. இவ்வளவு தூரத்திலிருந்து வந்து, என் கையாலேயே அவளைத் தொலைக்கப் போகிறேனா? கடவுளே!

"யார்ப்பா சொன்னது உனக்கு?" என்று கத்தினேன்.

"அதான் ரேடியோல வாசிச்சிகினு கீறானே! பாய்தான் மொதல்ல கேட்டாரு."

"எந்த ரேடியோ?"

பாபு விரலை மேலே நீட்டினான். "உன் வூட்லதான் சார் ஓடிகினு கீது!"

அப்போதுதான் எனக்கு அது கேட்டது. மாடியிலிருந்து காற்றில், ஜி மைனரில், லார்கோ. நாங்கள் கிளம்பத் தயாரானதிலிருந்து பால்கனியில் ரம்யா அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். தெரு முழுக்கக் கேட்டது என் காதில் மட்டும் விழவில்லை.

"ரம்யா! வயலினோட கீழே வா!"

வெறுங்காலோடு வந்தாள். அதற்குள் வாசலில் கூடிவிட்டவர்களைப் பார்த்து என் பின்னால் ஒதுங்கினாள். "குழந்தைதாங்க வாசிச்சது, யாரும் சாகலை" என்றேன். ஒருவரும் நம்பவில்லை; இவ்வளவு துக்கத்தைப் பத்து வயசுப் பெண் வாசிப்பாளா என்று பார்த்தார்கள். "வாசிம்மா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். பாய் அரை ஷட்டருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "அட, நம்ம பாப்பாவா! அல்லாவே, உசுரே போயிடுச்சு எனக்கு" என்று ஷட்டரை ஏற்றினார். அப்புறம் மெடிக்கல் கடை, பேக்கரி. அவள் வாசிக்க வாசிக்க ஷட்டர்கள் ஏறின. "இன்னா பாட்டு சார் இது, செம பேஜாரு" என்று பாபு வண்டியைக் கிளப்பினான். அம்மா அந்த மூச்சுத்திணறலிலும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தாம்பரம் போய்ச்சேரும்வரை ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

இப்போது இங்கே ஜெர்மனியில் பனிக்காலம், சீக்கிரம் இருட்டிவிடுகிறது. ரம்யா பரீட்சைக்காக மறுபடி அந்த லார்கோவை எடுத்திருக்கிறாள். நடுவில் போன் அடிக்கிறது. தம்பி வீட்டு நம்பர். அங்கே ராத்திரி பத்தாகியிருக்கும்; இந்த நேரத்தில் அங்கிருந்து யாரும் சும்மா கூப்பிடமாட்டார்கள். "நிறுத்துடி!" என்று கத்திவிட்டு, எடுக்கத் தைரியமில்லாமல் எடுக்கிறேன்.

அம்மா!

"தூக்கம் வரலைடா. ஏன் குழந்தையை நிறுத்தச் சொல்ற? அதைக் கேட்டா எனக்கு ஆட்டோ வந்துடுச்சுன்னு இருக்கும். போனை அவ பக்கம் புடி."

பிடிக்கிறேன். ரம்யா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். எதிர்வீட்டுக் கிழவர், தினமும் இருட்டியதும் செய்வதுபோல, தன் ஜன்னல் ஷட்டரைக் கடகடவென்று இறக்குகிறார். போன் பிடித்த கையை வயலின் பக்கம் நீட்டியபடியே, அடுத்த வீட்டு ஷட்டரும் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.