சனிக்கிழமை விரதம்

நான்கு வருடங்கள் நான் சனிக்கிழமைகளில் விரதம் இருந்தேன். சுவிஸின் பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த மேலாளர், நாங்கள் கூப்பிடுகிற பேரில் ஷெஃப், அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். மேலதிக வேலைக்கு ஆள் தேடி அவர் வரும்போதெல்லாம், "சனிக்கிழமை எங்களுக்கு விரதம், கோயிலுக்குப் போகவேண்டும்" என்று அரைகுறை ஜெர்மனில் சொல்லிவிடுவேன். புரட்டாதியில் மட்டும் வருகிற சனி விரதத்தை வருடம் முழுவதற்கும் இழுத்து நீட்டிய பாவம் என்னையே சேரும்.

உண்மையில் அந்த நேரம் ஷ்லீரனிலோ எம்மன்புரூக்கேயிலோ ஒரு வாடகை மண்டபத்தில் முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம் விளையாடிக்கொண்டிருப்பேன். தொண்ணூறுகளில் சுவிஸில் எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடினால் சீட்டுக்கட்டு வெளியே வரும், நாற்பது பேர் கூடினால் சுற்றுப்போட்டி. நாலு பேர் விளையாட்டு அது. கூட்டாளிகள் இருவரும் எதிரெதிரே இருக்கவேண்டும். ராசாவுக்கும் ராணிக்கும் அங்கே பெரிய மரியாதை கிடையாது. எந்தச் சாதிச் சீட்டானாலும் ஜாக்தான் பெரியது, அடுத்தது ஒன்பது, ஏஸ் மூன்றாவதாகத்தான் வரும்.

கிழமையில் ஐந்து நாளும் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாமணத்தால் மணிக்கூட்டு முள்ளைப் பிடித்துப் பொருத்துவது என் வேலை. வெள்ளி பின்னேரம் கண் இரண்டும் எரியும். சனி விடிய அதே கண்ணோடு ரயில் ஏறுவேன்.

என் கூட்டாளி திருகோணமலைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணை. எம்மன்புரூக்கேயில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. சனிக்கிழமை லீவுக்காக ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் மற்றவர்களிடமிருந்து வாங்கித் தன் தலையில் போட்டுக்கொள்வார். அவருக்கும் எனக்கும் ஒரே ஒரு ஒப்பந்தம்தான் இருந்தது: சாடை காட்டுவதில்லை. மற்றச் சோடிகள் எல்லாம் கண்ணைக் கசக்கினால் கையில் இதயச் சீட்டான ஆட்டின் இருக்கிறது, காதைச் சொறிந்தால் இஸ்பேட், செருமினால் வெட்டுச் சீட்டான துரும்பு கையில் இல்லை என்று ஆளுக்கொரு பாஷை வைத்திருந்தார்கள். நாங்கள் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்து விளையாடினோம். அதனால்தானோ என்னவோ, இரண்டு முறை அரையிறுதியிலும் ஒரு முறை இறுதியிலும் தோற்றோம். நான் கோபக்காரன், சீட்டை மேசையில் எறிவேன். அவர் பொறுக்கி அடுக்கிக்கொண்டே, "சரி விடும் தம்பி, அடுத்ததிலை பாப்பம்" என்பார்.

நாலாம் வருட வசந்தத்தில் அண்ணைக்குக் கனடா விசா சரிவந்தது. புதன்கிழமை குடும்பத்தோடு விமானம் ஏறவேண்டும். அதற்கு முந்திய சனிக்கிழமை எம்மன்புரூக்கேயில் போட்டி. தொலைபேசியில் சொன்னார்:

"கப் கிடைக்காட்டிலும் பரவாயில்லைத் தம்பி. கடைசியா ஒருக்கா எதிரை இருந்து விளையாடிப்போட்டுப் போவம்."

அந்தக் கிழமைதான் ஷெஃப் என் மேசைக்கு வந்தார். சுவிஸ்காரர்களுக்கும் யாஸ் என்றொரு சீட்டு விளையாட்டு உண்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்கு ஒரு கை குறைந்தால் என்னை இருத்துவார்கள். அதிலும் துரும்புச் சீட்டில் ஜாக் பெரியது, ஒன்பது அடுத்தது என்று கண்ட நாளிலிருந்து எனக்கு அது பாதி சொந்த வீடு. இப்போது தொழிற்சாலையின் யாஸ் போட்டி வருகிறது, அவருடைய கூட்டாளி பனிச்சறுக்கில் காலை முறித்துக்கொண்டு கிடக்கிறார். போட்டி அதே சனிக்கிழமை.

விரதம் என்று வாயெடுத்தேன். "நான் உன்னை வேலைக்குக் கூப்பிடவில்லை, விளையாடத்தானே கூப்பிடுகிறேன். உன் கடவுள் ஒரு சனிக்கிழமை உன்னை விடமாட்டாரா?" என்று கேட்டார். என் வதிவிட அனுமதிக்காக முந்தின மாதம்தான் அந்த மனிதர் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தந்திருந்தார். என்னால் தலையை ஆட்டத்தான் முடிந்தது.

அண்ணையிடம் உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை. சனிக்கிழமை கட்டாய வேலை என்றேன். "வேலைதானே தம்பி முக்கியம்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

யாஸ் போட்டி ஏரிக்கரைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது. முதற் சுற்றின் கடைசிக் கை. துரும்பு ஆட்டின். என் கையில் இஸ்பேட் ஜாக். என் மனம் எம்மன்புரூக்கேயில் இருந்தது. முப்பது வருடப் பழக்கத்தில், இதை வெல்ல எவனால் முடியும் என்று அந்த ஜாக்கை மேசை அதிர அடித்து இறக்கினேன். யாஸில் துரும்பில் மட்டும்தான் ஜாக் பெரியது, மற்றதில் அது வெறும் பொடியன். கணக்குப் பிரிவுப் பெண்மணி சிரிக்காமல் ராணியைப் போட்டு அள்ளிக்கொண்டு போனார். நாங்கள் வெளியே.

"ஏன் அதைப் போட்டாய்?" என்றார் ஷெஃப்.

"எங்கள் விளையாட்டில் அதுதான் பெரியது."

"எந்த விளையாட்டு?"

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? மண்டபம், அண்ணை, புதன்கிழமை, விரதம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருடைய முகம் சிவந்தது. கடிதம் போச்சு என்றே நினைத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கார்ச் சாவியை எடுத்தார், "வா" என்றார்.

பாதி வழியில், பாதையைப் பார்த்தபடியே சொன்னார்: "நாலு வருட விரதத்தில் நீ ஒரு கிலோகூட மெலியவில்லை. நானும் யோசித்தேன்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. மண்டபத்தில் இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருந்தது. வாசலுக்குப் பக்கத்து மேசையில் அண்ணையும், நான் அக்கா என்று கூப்பிடுகிற அவருடைய மனைவியும் தேத்தண்ணீரோடு இருந்தார்கள். அவருக்கு முன்னால் சீட்டு இல்லை.

"விளையாடேல்லையோ அண்ணை?"

"வேறை ஆளைத் தந்தவை. வேண்டாம் எண்டிட்டன்."

"அண்ணை, எனக்கு வேலை இல்லை. சீட்டு விளையாடத்தான் போனனான். இவரோடை."

அவர் ஷெஃபை மேலும் கீழும் பார்த்தார். "வெண்டனீங்களோ?"

"இல்லை. துரும்பில்லாத ஜாக்கைப் போட்டுத் தோத்துப்போனம்."

அக்காதான் முதலில் சிரித்தார். "உவருக்கு அங்கையும் உந்தப் புத்திதான்" என்று என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டே கதிரையை இழுத்து ஷெஃபுக்கு எதிரே இருந்தார். "இருங்கோ. நாலு பேர் இருக்கிறம்தானே."

போட்டிக்கு வெளியே, அந்த வாசல் மேசையில், நானும் அண்ணையும் கடைசி முறையாக எதிரெதிரே இருந்தோம். ஷெஃப் விளக்கத்தை ஒரு முறைதான் கேட்டார். முதற் கையிலேயே பெருமையோடு ஏஸை இறக்கினார். அண்ணை மெல்ல ஜாக்கை அதன் மேல் வைத்தார். "கொப்பர்டெக்கல்!" என்று ஷெஃப் தன் பாஷையில் ஏசிக் கத்தியதில் பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. நான் செய்த அதே பிழை, மறுபக்கத்தால்.

பின்னேரம் வரைக்கும் விளையாடினோம். மண்டபத்தில் இறுதிப் போட்டிக்கு ஆட்களைக் கூப்பிட்டார்கள். அதுதான் கடைசிக் கை என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சீட்டு இறக்கும் முறை என்னுடையது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணை புறங்கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"கள்ள விளையாட்டு! சாடை காட்டுறார்!" என்று அக்கா பகிடியாகக் கத்தினார். பிறகு புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சீட்டுகளை மேசையில் கவிழ்த்து வைத்தார். என்ன நடந்தது என்று ஷெஃப் என்னைக் கேட்டார்.

அதைச் சாடையென்றே வைத்துக்கொண்டு நான் ஆட்டினையே இறக்கினேன். அண்ணையின் கையில் ஆட்டின் ஒன்றுகூட இருக்கவில்லை.