பிரிக்கக் கூடாத உறை

விஜயகலாவுக்கு முப்பது வயதாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. அவள் விண்ணப்பிக்கப் போகும் தாதியர் படிப்புக்கும் முப்பதுதான் எல்லை. ஏற்கெனவே ஒரு பட்டம் எடுத்தவர்களுக்காகக் கொழும்பில் ஒரு கல்லூரி நடத்தும் படிப்பு அது. நாலு வருடத்துப் பாடத்தை இரண்டே வருடத்தில் தலையில் ஏற்றி இரண்டாவது பட்டத்தையும் கொடுத்துவிடுவார்கள். வருடத்துக்கு ஒரு தடவைதான் ஆள் எடுப்பு. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

முதல் பட்டம் புவியியலில். தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தில் பட்டம் எடுத்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருத்தி என்ற பெருமை ஒரு வருடம் ஓடியது. பிறகு பெருமை போய்க் கேள்வி வந்தது. ஐந்து வருடமாக அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டுப் போட்டு, உலகத்து மலைகளையும் ஆறுகளையும் கரைத்துக் குடித்த பெண் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் ஆக வேண்டும் என்ற எண்ணம் சும்மா வந்ததில்லை. அப்பா ராமச்சந்திரன் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் படுத்திருந்தார். கூடவே இருந்தவள் இவள். சிங்களம் இவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி யார் வந்தாலும் நர்ஸ்மார் "நங்கி", தங்கச்சி, என்று இவளைத்தான் கூப்பிடுவார்கள். கிழவிகள் சொல்வதைச் சிங்களத்தில் சொல்லி, நர்ஸ் சொல்வதைத் தமிழில் சொல்லி, ஊசி போடும்போது கையையும் பிடித்துக்கொள்வாள். அப்பா பிழைக்கவில்லை. ஆனால் தான் செய்ய வேண்டிய வேலை எது என்பது அந்த நாற்பது நாளில் அவளுக்குத் தெரிந்துபோனது. தெரிந்த வேலைக்குத் தகுதி இல்லாமல் இருப்பது சாதாரண வேதனை இல்லை.

ஒரு வருடம் பாடுபட்டாள். உயிரியலில் ஒரு குறுகிய பாடநெறி, ஆங்கிலப் பரீட்சை, இரண்டு பேரிடம் சிபாரிசுக் கடிதம். தெஹியோவிட்ட டவுனில் போன் பேசவும் போட்டோகொப்பி எடுக்கவும் ஆட்கள் வரும் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் சிநேகிதி யும்னாவின் கம்பியூட்டரில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். எல்லாம் முடிந்து மிச்சம் இருந்தது பல்கலைக்கழகம் புள்ளிகளை எழுதித் தரும் பெறுபேற்றுப் பத்திரம் மட்டும். அது ஒட்டிய உறைக்குள், வாயின் மேல் முத்திரை குத்தி வரும். பிரிக்காமல் அப்படியே கல்லூரியில் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணி கடைசி.

உறை புதன்கிழமை பதிவுத் தபாலில் வந்தது. வரிசையாக ஒட்டிக் கிடக்கும் லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் ஏது? எல்லாக் கடிதமும் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். ரப்பர் பால் வெட்டி எடை போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அம்மா கருப்பாயி கைநாட்டு வைத்து வாங்கி வந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் வாசலிலேயே கேட்டாள்.

"அம்மா, கடிதாசி வந்துச்சா?"

"வந்துச்சு. சாமிகிட்ட இருக்கு. கை கால் கழுவிட்டு எடு."

மாரியம்மன் படத்துக்கு முன்னால் பத்திரம் விரித்தபடி கிடந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். நடுவில், இரண்டாம் வருடப் புள்ளிகளுக்கு மேலே, குங்குமம். பக்கத்தில் உறை, முத்திரை இரண்டாகக் கிழிந்து.

"யாரும்மா பிரிச்சது?"

"நாந்தான். கவரையா சாமி காலடியில வப்பாங்க? உள்ள இருக்கிறதத்தானே வக்கணும்."

விஜயகலா கிழிந்த முத்திரையைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். உறையைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. யும்னாவுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும், கைநாட்டு வைத்து வாங்கப் போகிறவளுக்குத்தான் தெரியாது. படித்தவளின் லட்சணம் இது. தன் மேல் வந்த ஆத்திரத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

டவுனுக்கு ஓடினாள். யும்னா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கம் போட்டு ஒட்டினா பாக்கிறவங்களுக்கு வெளங்குமா கலா?"

"முத்திரையே கிழிஞ்சு கெடக்கு. உள்ள மஞ்சள். எங்க ஒட்டுறது?"

பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுத்தார்கள். புதுப் பத்திரத்துக்கு இரண்டு கிழமை, முழுசாகப் பதினாலு நாள் ஆகும் என்றார்கள். கெஞ்சினாள். இரண்டு கிழமைதான் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் அவிசாவளை போய், அங்கிருந்து கொழும்புக்குப் போனாள். கல்லூரி ஜன்னலில் இருந்த சிங்களப் பெண் மற்றக் காகிதங்களை எல்லாம் சரி பார்த்து அடுக்கினாள். கடைசியில் உறையை எடுத்தாள். பத்திரத்தை வெளியே இழுத்தவளின் விரலில் மஞ்சள் ஒட்டியது. அது என்ன என்று அவளுக்கும் தெரியாமல் இல்லை.

"அம்மாவா பிரித்தது?" என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"இல்லை. நான்தான்" என்றாள் விஜயகலா. யாரோ ஒரு பெண்ணின் முன்னால்கூட அம்மாவை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அந்தப் பெண் பத்திரத்தோடு உள்ளே போனாள். நல்லவள்தான், கால் மணி நேரம் யாரிடமோ பேசினாள். விஜயகலா கும்பிடாத சாமி இல்லை. திரும்பி வந்தவள் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். பிரித்த உறையை ஏற்க முடியாதாம். காலையிலும் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினார்களாம். அடுத்த வருடம் போடச் சொல்கிறார்கள் என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் படிவத்தில் பிறந்த திகதியைப் பார்த்தாள். பிறகு காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே வந்து பஸ் தரிப்பில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. பக்கத்தில் ஆட்கள் இருப்பதையும் பார்க்காமல் அழுதாள். அவிசாவளை பஸ் இரண்டு போன பிறகுதான் எழுந்தாள்.

வீட்டில் கருப்பாயி இன்னும் சாப்பிடவில்லை. மகள் வரட்டும் என்று விரதம்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேம்மா."

"ஒண்ணும் சொல்லலையே?"

"ஒண்ணும் சொல்லல. அறிவிப்பாங்களாம்."

கருப்பாயியின் முகம் மலர்ந்தது. தட்டில் மகளுக்கு முதலில் சோறு போட்டாள்.

"பாத்தியா. இனிமே எந்தக் காயிதம் வந்தாலும் மொதல்ல எங்கிட்டக் குடு. பிரிச்சுச் சாமிகிட்ட வச்சுத் தாரேன்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு விஜயகலா சோற்றைப் பிசைந்தாள்.