பிளாங்கில் எழுந்த மேடு

இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். பேய் என்றாலே நள்ளிரவு, நாய் ஊளை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில்.

எண்ணெய்க் கிணறுகளுக்கான ஆய்வகத்தில் எனக்கு வேலை. பெட்ரோலியம் பிறந்த இடத்திலேயே தங்காது. பாறை இடுக்குகளில் மைல் கணக்கில் ஊர்ந்து போகும். போகப் போக, அதிலிருக்கும் சில வேதிப்பொருள்கள் பாறையில் ஒட்டிக் குறைந்துகொண்டே வரும். எந்தப் பக்கம் அளவு கூடுகிறதோ, அந்தப் பக்கம்தான் அது புறப்பட்ட இடம். கணக்கு அவ்வளவுதான்.

கிணறுகளிலிருந்து மாதிரி பிடித்து வந்தவர் என் தங்கையின் கணவர். கையுறை என்றாலே அவருக்கு ஆகாது. வெறுங்கையால் போத்தலைத் தொட்டால் தோலின் பசை கலந்து, மாதிரியில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவியின் திரையில், ஓட ஆரம்பித்த இருபத்தேழாவது நிமிடம் கூர்மையாக ஒரு மேடு எழும். ஆய்வகத்தில் அவர் பெயரே 'வெறுங்கை'. மேட்டைப் பார்த்ததும், "மாப்பிள்ளை வந்துட்டாருப்பா" என்று சிரிப்போம்.

ஒரு நாள் அவரால் ஒரு வார வேலை பாழாய்ப் போனது. எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"கையுறை போடாம இனி ஒரு போத்தலையும் தொடாதீங்க. முடியலன்னா வேலைக்கே வராதீங்க."

"சரி மச்சான்," என்றார்.

மறுநாள் கிணற்றுக்குப் போனவர் திரும்பவில்லை. ஆள் ஓடிவிட்டான் என்று கம்பெனி எழுதி வைத்தது. தங்கை தினமும் கேட்பாள். "அண்ணா, அவரு என்னை விட்டுட்டுப் போயிருப்பாரா?" ரோஷத்தில் போய்விட்டார் என்றுதான் பாவி நானும் நினைத்தேன்.

பத்தொன்பதாம் நாள். புது ஆள் ஐந்து கிணறுகளின் மாதிரிகளைக் கொண்டுவந்தார். முழங்கை வரை கையுறை போடுகிற ஆள்.

முதலில் பிளாங்க் ஓட்டினேன். பிளாங்க் என்றால் வெறும் கரைப்பான். திரையில் கோடு தட்டையாக ஓட வேண்டும். இருபத்தேழாவது நிமிடம்... சின்னதாக ஒரு மேடு.

ஊசியைக் கழுவினேன். கரைப்பானை மாற்றினேன். மறுபடியும் மேடு.

சரி என்று கிணற்று மாதிரிகளை ஓட்டினேன். முதல் கிணற்றில் கொஞ்சம் பெரிது. இரண்டாவதில் இன்னும் பெரிது. ஐந்தாவதில் திரையின் உச்சியைத் தொட்டது.

தாள்களில் அச்சடித்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஏறுகிறது. வரிசையில் அடுத்தது ஆறு. அந்தக் கிணற்றை மூடிவிட்டார்கள். பக்கத்துச் சேற்றுக் குழியையும் மண் தள்ளி நிரப்பியாயிற்று... மாப்பிள்ளை காணாமல் போன அதே நாள்.

மணி 1:52. ஐந்தோடு கருவி நிற்க வேண்டும்.

டக்.

ட்ர்ர்ர்...

போத்தல்களை ஒவ்வொன்றாக எடுக்கும் கருவியின் கை ஆறாவது இடத்துக்கு நகர்ந்தது.

அங்கே ஒரு போத்தல். நான் வைக்கவில்லை.

லேபிளில் 'கிணறு 6'. நான் ஓட்டிக்கொண்டிருந்த அன்றைய தேதி. மாப்பிள்ளையின் கோணல் எழுத்து.

கண்ணாடி முழுக்க விரல் தடங்கள்...

2:20. எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. ஒரே ஒரு மேடு.

தாள்களை அள்ளிக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடினேன். பேய் என்று வாய் திறக்கவில்லை. அளவு கூடுகிற பக்கம் தோண்டிப் பாருங்கள் என்றேன்.

மறுநாள் காலை குழியைத் தோண்டினார்கள். மாதிரி எடுக்க உள்ளே இறங்கிய ஆளைக் கவனிக்காமல் மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள்.

"ஓடலதானே அண்ணா?" என்றாள் தங்கை.

"இல்லம்மா."

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

எல்லாம் முடிந்ததும் காவல் ஆய்வாளர் மாப்பிள்ளையின் பொருள்களைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். பையைப் பிரித்தேன். கைக்கடிகாரம். பேனா. அப்புறம், கையோடு இறுகிப் போயிருந்ததால் வெட்டி எடுத்த இரண்டு கையுறைகள்.

கழன்றுவிடக் கூடாதென்று மணிக்கட்டில் டேப் சுற்றிப் போட்டிருந்தார்.