திவ்யா வந்த பிறகு என் கட்டங்கள்

வெப்சைட் தொழிலில் பாராட்டெல்லாம் திரையில் தெரிகிறதைச் செய்தவருக்கு. உள்ளே உட்கார்ந்து கட்டம் கட்டமாக நிரப்பியவளுக்கு முதுகுவலி மட்டும்தான். மைசூர் அக்ரஹாரத்தில், வாடகை வீடுகளைக் காட்டும் ஒரு சின்ன வெப்சைட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவள் நான். கம்ப்யூட்டரை இங்கே வந்துதான் தொட்டேன். உங்கள் பக்கத்து நாற்காலிக்கும் உங்களைவிடச் சின்னவள் ஒருத்தி வந்து, எல்லாரும் அவளையே கூப்பிட ஆரம்பித்திருந்தால் நீங்கள் என் கட்சி. மேலே படியுங்கள்.

காப்பி ஆறுவதற்குள்

ஒரு வீடு என்றால் எத்தனை விவரம்! காவேரித் தண்ணீரா, போர்வெல் தண்ணீரா, வாசல் எந்தத் திசை, கறி மீன் சமைக்கலாமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். தண்ணீர், சமையலறை, நிபந்தனைகள் என்று கட்டங்களைக் குழு குழுவாகச் சேர்த்து வைத்திருப்போம். ஆனால் அந்தக் குழுக்கள் தாமாக வெளியே தெரியாது. ஒவ்வொரு வீட்டுப் பக்கத்திலும் நான்தான் தலைப்பை அடித்து, விவரத்தை அதன் கீழே ஒட்டி, கோடு போட்டு அழகு பண்ணுவேன். ஒரு வீட்டுக்கே அரை நாள் ஓடிவிடும். "சாந்தம்மா செஞ்ச பக்கம்னா கண்ணுல ஒத்திக்கலாம்" என்பார் முதலாளி ரகு சார்.

அப்புறம் திவ்யா வந்தாள். இருபத்து நாலு வயது, தமிழ் வீட்டுப் பெண், ஆனால் வாயைத் திறந்தால் பாதி கன்னடம். பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியில் சில வரிகள் தட்டினாள். ஒரு குழுவை எடு, தலைப்பைப் போடு, அதில் இருக்கும் கட்டங்களைக் காட்டு, அடுத்த குழுவுக்குப் போ என்று கம்ப்யூட்டரிடம் சொல்வதாம், அவ்வளவுதான். என் காப்பி ஆறுவதற்குள் எல்லா வீடுகளும் வரிசையாக, தலைப்போடு வந்து நின்றன. சார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத்தனை வருஷமா இதைக் கையாலயா பண்ணிட்டிருந்தீங்க சாந்தம்மா? பாவம்!"

லிஃப்ட்

அந்த வாரமே சார் இன்னொரு குண்டைப் போட்டார். தசரா பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டிலேயே அறை விடுகிறார்கள் இல்லையா, அவர்களுக்காகத் தனிப் பக்கம் திறக்கப் போகிறாராம். எங்கள் இருவரில் ஒருவர் அதற்குப் பொறுப்பு. பொறுப்பாளர் பெயர் பக்கத்தின் மேலேயே வருமாம். என் பெயரை இதுவரை கல்யாணப் பத்திரிகையில்தான் அச்சில் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பக்கம் வேண்டும். வேறு என்ன சொல்ல?

ஆனால் நேரம் என் பக்கம் இல்லை. வீட்டுக்காரர்கள் சொல்லாமல் விட்ட விவரங்களுக்கு நான் ஒரு புள்ளி வைத்துவிடுவது வழக்கம். காலியாக விட்டால் அந்தக் கம்ப்யூட்டர் சேமிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். என் கையால் ஒட்டும்போது புள்ளிகளை விட்டுவிடுவேன். திவ்யாவின் வரிகளோ காலிக் கட்டத்தை மட்டும்தான் மறைக்கும். புள்ளி இருந்தால் அது காலி இல்லையே! ஊரெல்லாம் என் புள்ளிகள் வெளிச்சத்துக்கு வந்தன. சரஸ்வதிபுரத்திலிருந்து ஒரு வீட்டுக்காரர் போன் பண்ணினார். "ஏம்மா, லிஃப்டுன்னு எழுதிப் பக்கத்துல புள்ளி வெச்சிருக்கீங்களே, என் வீட்டு லிஃப்ட் அவ்ளோ சின்னதா?"

மாமி வீட்டுப் புளியோதரை

கடைசியில் அவளும் ஒரு தப்புப் பண்ணினாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை ஆபீசில் மறைக்கப் பெரும்பாடு பட்டேன். மேல்கோட்டைப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்துவிட்ட ஐயங்கார் மாமி ஒருவருக்கு ஒரே வீட்டில் இரண்டு பகுதி. மாடி சைவக்காரர்களுக்கு மட்டும்; பின்பக்கத்துத் தனி அறையில் எதுவும் சமைக்கலாம். இரண்டுக்கும் 'நிபந்தனைகள்' என்று ஒரே பெயரில் குழு. திவ்யாவின் வரிகள் இரண்டு இடத்திலும் பின்னறை நிபந்தனையையே காட்டிவிட்டன. மாடியைப் பார்க்க வந்த குடும்பம் மாமியிடம் கேட்ட முதல் கேள்வி, மீன் கழுவ வெளியே குழாய் இருக்கிறதா என்பது.

மாமி போனில் போட்ட சத்தம் சாருடைய அறைக்கே கேட்டது. தசராப் பக்கம் எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். திவ்யா என்ன செய்தாள் தெரியுமா? நேரே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய், "தப்பு என்னுதுதான் மாமி" என்று சொல்லி, திரும்பும்போது ஒரு டப்பா புளியோதரையோடு வந்தாள். சாயங்காலம் மாமி எனக்கே போன் பண்ணினார், அவளைப் புகழ்வதற்கு. அவள் செய்தது தப்பில்லையா என்று கேட்டேன். "தப்புப் பண்ணினா என்ன? ஆத்துக்கு வந்து எவ்வளவு அழகா சொன்னா! நீ தப்பே பண்ணாம இத்தனை வருஷமா போன்லயே பேசிண்டிருக்கே, ஒரு நாள் எட்டிப் பாத்தியோ?"

முடிவு சொன்ன நாள்

சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். "தசராப் பக்கம் திவ்யாவுக்கு" என்றார். புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"சாரி சார், அந்தப் பக்கம் சாந்தாக்காவுக்கே இருக்கட்டும்" என்றாள் திவ்யா. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூரில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, இரண்டு மடங்கு சம்பளம், ஆபீஸ் பஸ் வீட்டு வாசலுக்கே வருமாம். "ஹௌதா? அப்படியா?" என்று சார் எழுந்து நின்று கைகுலுக்கினார், இனிப்பு வாங்கி வரச் சொன்னார். எல்லாம் முடிந்து கதவருகே போனபோதுதான் அவருக்கு நான் நிற்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சரி, இருக்கறவங்கள வெச்சுத்தானே நடத்தணும். சாந்தம்மா, உங்க பேரையே போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டேன். இத்தனை நாள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தால் போதுமாயிருந்தது, இனி வயிறெரிவதற்குப் பெங்களூர் வரைக்கும் எட்டிப் பார்க்க வேண்டும்.