நபவிய்யா வந்தால் அனுப்புவோம்

கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஊர்; அந்தப் பக்கம் வெகுதூரம் நடந்தால்தான் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. பெண் பிள்ளைகளைத் தனியே அனுப்ப எந்த அப்பனுக்கும் மனம் வரவில்லை. "நபவிய்யா துணைக்கு வந்தால் அனுப்புவோம்" என்றார்கள். பிள்ளைகுட்டி இல்லாத விதவை நபவிய்யா. எழுத்து வாசனை கிடையாது. மூன்று வருடமாக ஐந்து பெண்களைக் கூட்டிப்போய் உள்ளே விட்டுவிட்டு, வாசல் மரத்தடியில் முலூகியாக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். மணி அடித்ததும் கூட்டி வருவாள். கூலி மாவும் முட்டையும்தான்.

ஐந்து அப்பன்களில் ஹரீதிக்கு மட்டும் நாக்கு நீளம். மகள் வர்தாவை அரை மனதோடுதான் அனுப்பினான்.

"என்னக்கா, இத்தன வருஷம் வாசல்ல உக்காந்தியே, உனக்கு என்ன பட்டம் குடுத்தாங்க?"

"உம் பொண்ணுக்குக் குடுக்கும்போது பாதிய வெட்டி எனக்குத் தரச் சொல்லிருக்கேன், தம்பி."

சுற்றி நின்றவர்கள் சிரிக்க, ஹரீதிக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீ வராத அன்னைக்கு எம் பொண்ணு வாசப்படி தாண்டமாட்டா. இது என் வாக்கு" என்றான். அவன் பிடித்த முயலுக்கு என்றைக்குமே மூன்று கால்தான்.

இறுதித் தேர்வு தொடங்கும் காலையில் நபவிய்யாவுக்கு முழங்கால் வீங்கி, பாதத்தைத் தரையில் ஊன்ற முடியவில்லை. வந்து நின்ற பெண்களில் வர்தா அழுதேவிட்டாள்.

"அத்தே, அப்பா விடமாட்டாரு. இத எழுதலைன்னா அடுத்த மாசம் எனக்குக் கல்யாணந்தான்."

 பதினாலு வயதில் நபவிய்யாவைக் கட்டிக்கொடுத்தபோதும் யாரும் அவளைக் கேட்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தாள். இரண்டு அடி வைப்பதற்குள் விழுந்தாள்.

தெருவில் கழுதை வண்டிச் சத்தம். சேதி கேட்டு வந்த ஹரீதி இறங்காமலே கத்தினான்.

"ஏறுக்கா."

"எங்க?"

"நீ வராம எம் பொண்ணு போகமாட்டான்னு வாக்குக் குடுத்துட்டேன். இப்ப மாத்திப் பேசச் சொல்றியா? ஏறு, நேரமாவுது!"

பெண்கள் அவளையும் அவள் கீரைக் கட்டையும் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, பின்னாலேயே ஓடி வந்தார்கள். வழியெல்லாம் அவன் கழுதையைத்தான் திட்டினான்.

நபவிய்யாவை வாசல் மரத்தடியில் இறக்கி உட்காரவைத்துவிட்டுப் பெண்கள் உள்ளே போனார்கள். கதவு சாத்தியாயிற்று. திரும்பிப் போக நினைத்த ஹரீதிக்கு ஏனோ கால் நகரவில்லை. மரத்தடிக்கு வந்து நின்றான்.

"எப்ப வெளிய விடுவாங்க?"

"இப்பத்தானே உள்ள போனா."

கொஞ்ச நேரம் கழித்து, "கேள்வி கஷ்டமா இருக்குமோ?" என்றான்.

நபவிய்யாவுக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. கீரைக் கட்டில் பாதியைப் பிரித்து அவன் முன்னால் தள்ளினாள்.

"உக்காரு தம்பி. சும்மா நின்னா பயந்தான் வரும். இலைய மட்டும் கிள்ளு."

ஊர்க்காரர் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஹரீதி உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தான்.