பூட்டிய வீடுகளின் பற்றரிகள்

உதயகலாவிடம் கார் இல்லை. கார் ஓட்டவும் தெரியாது. ஆனால் எந்த நாட்டுக்காரன் காரோடு போட்டு அனுப்புகிற பற்றரி கிழமைக்கணக்கில் கிடந்தாலும் எழும்பும், எது நாலு நாளிலேயே கையை விரிக்கும் என்று கேட்டால், செய்கிற வேலையை விட்டுவிட்டுக் கதைக்கத் தொடங்கிவிடுவாள். கேட்காவிட்டாலும் கதைப்பாள். ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "உங்கடை காருக்கு வரேக்கை இருந்த பற்றரியோ, மாத்தினதோ?" என்று கேட்டு, அந்த மனிதருக்குப் புரைக்கேறிவிட்டது. உரும்பிராய் சிரித்தது. காரணம் தெரிந்தவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். ஊர் என்றால் அப்படித்தான்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களின் பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்வது அவளுடைய தொழில். மூன்று வீட்டுத் திறப்புகள் சாவிக்கொத்தாக அவள் இடுப்பில் தொங்கும். கூட்ட வேண்டும், யன்னல்களைத் திறந்து காற்றுப்பட விடவேண்டும், பூசை அறையில் விளக்கு வைக்கவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் கராச்சைத் திறந்து காரை ஸ்ராட் பண்ணி ஓடவிட வேண்டும். ஓட்டுகிற சீற்றில் ஏறி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் இருக்கிறமாதிரி இருப்பாள். எங்கேயும் போகாத காருக்குள், எவரும் இல்லாத வீட்டில், ஒரு பெண் தனியாக இருந்து சத்தம் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எவருக்கும் கொஞ்சம் பயம்தான் வரும்.

அவளுடைய கணிப்பு இதுதான். கோண்டாவில் வீட்டு ஜேர்மன் காருக்குப் பெட்டி மாதிரிப் பெரிய பற்றரி. பலசாலி. ஆனால் அந்தக் கார் நித்திரையிலும் தின்னும். அலாரம், மணிக்கூடு, கண்டறியாத லைற்றுகள் எல்லாம் ஒவ்வொரு வாய் எடுக்கும். சந்திப் பக்கத்து வீட்டுக் கொரியாக்காரனின் பற்றரி முன்னறிவித்தல் தரும். சாகப்போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே இழுத்து இழுத்து முனகும். ஜப்பான்காரனுடையது சின்னது, சொன்ன சொல் கேட்கும். ஆனால் போகும்போது சொல்லாமல் போகும். இன்று ஒரே திருப்பில் ஸ்ராட் வரும், நாளைக்கு "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும்தான்.

"அதுதான் எனக்கு அவனிலை நம்பிக்கை இல்லை," என்பாள். "முனகிச் சாகிறதை நம்பலாம்."

பற்றரிக்கடைப் பிரகாஸ் ஒருமுறை அவளுக்கு வழி சொன்னான். "ஏன் அக்கா கிழமைக்குக் கிழமை அலையிறியள்? மைனஸ் வயரைக் கழட்டி விட்டிட்டால் மாசக்கணக்கா நிக்கும்."

"அவசரத்துக்கு ஓடிவாறவன் ஸ்பனரைத் தேடிக்கொண்டு நிக்கிறதோ?"

அதன்பிறகு பிரகாஸ் அவளுக்கு வழி சொல்வதில்லை.

அப்படியொரு அவசரம் சில வருடங்களுக்கு முன் அவள் வீட்டில்தான் வந்தது. அவளுடைய புருசன் பஞ்சலிங்கத்துக்குக் கார் என்றால் உயிர். லண்டனிலிருக்கும் ஞானாம்பிகையின் பெரிய வீடு இவர்கள் வீட்டுக்கு அடுத்த வளவு. அங்கே நின்ற ஜப்பான் காரை அவர்தான் கிழமைதோறும் ஸ்ராட் பண்ணிவந்தார். பற்றரி பழசாகிவிட்டது, மாற்றுங்கோ என்று பிரகாஸ் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கப்பலேறிக் காரோடை வந்த ஒறிஜினலடா. அதைக் கழட்டி எறியிற விசரன் ஆர்? எங்களை விட நாள் கிடக்கும்." எங்கள் ஆட்களுக்கு ஒறிஜினல் என்ற சொல்லில் அப்படியொரு பக்தி. செத்தாலும் கழற்ற மாட்டார்கள்.

பிறகு பஞ்சலிங்கத்தின் சித்தப்பா மோசம்போனார். வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை சாமி விளக்கு எரிகிற வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. ஞானாம்பிகையும் லண்டனிலிருந்து போன் எடுத்து, "அந்தியேட்டி முடியுமட்டும் உள்ளுக்குப் போகாதையுங்கோ, வீடு பூட்டினபடி கிடக்கட்டும்," என்றாள். அவர்களும் போகவில்லை. காரைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை.

அந்தியேட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டு நின்ற பஞ்சலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார். ஒழுங்கையில் வேறு கார் இல்லை. முன்பு மிஷன் பள்ளிக்கூட வான் ஓட்டிய கிளரன்ஸ் அண்ணை எதிர்வீட்டில் இருந்தார். திறப்பை வாங்கிக்கொண்டு ஓடினார். உதயகலா புருசனைத் தாங்கிக்கொண்டு ஞானாம்பிகையின் கேற்றடியில் நின்றாள். கராச்சுக்குள்ளிருந்து "டிக்" என்று கேட்டது. மறுபடி "டிக்". கிளரன்ஸ் அண்ணை கடவுளைக் கூப்பிட்டதும் கேட்டது. ஓட்டோ பிடித்து ஏற்றி, பெரியாஸ்பத்திரிக்குக் கொஞ்சத் தூரம் இருக்கையிலேயே அவர் தலை அவள் தோளில் பாரமாகிவிட்டது.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் அவளை விடவில்லை. காஸ் அடுப்பைத் திருகினால் அது. சுவிச்சைத் தட்டினால் அது. பல்லி சொன்னால்கூடத் திடுக்கிட்டுக் கேற்றடியைப் பார்ப்பாள். அவர் அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கார் வரும் என்று நிற்கிறமாதிரியே அவளுக்கு இருக்கும்.

ஞானாம்பிகை அந்தக் காருக்குக் கொம்பனியின் புதுப் பற்றரியே எடுப்பித்துப் போட்டாள். ஏனென்று சொல்லவில்லை. ஒழுங்கையில் எவருக்கு அவசரமென்றாலும் காரை எடுக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

இந்த வருடம் கனடாவில் பஞ்சலிங்கத்தின் தமையன் செத்துப்போனார். உதயகலா அவரைப் போனில்தான் பார்த்திருக்கிறாள். ஆனால் துடக்குக்குக் கடலும் தெரியாது, விசாவும் தெரியாது. அன்றே வந்து சேர்ந்தது. ஞானாம்பிகையிடமிருந்தும் அதே போன் வந்தது, அதே சொற்களோடு.

கிளரன்ஸ் அண்ணை வீட்டுக்குப் பக்கத்து வளவில் துஷாந்தினி நிறைமாதக் கர்ப்பிணி. புருசன் டிலக்ஷனுக்கு வவுனியாவில் வேலை. கிளரன்ஸ் அண்ணை பருத்தித்துறையில் மகள் வீட்டில். ஒழுங்கையில் காரில் கைவைக்க வேறு ஆள் இல்லை. முதல் வெள்ளிக்கிழமை உதயகலா பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டிலிருந்தாள். இரண்டாம் வெள்ளிக்கிழமை முடியவில்லை. மதிலுக்கு மேலால் அந்தக் கராச்சுக் கதவு தெரிந்துகொண்டே இருந்தது. துஷாந்தினி வயிற்றைத் தாங்கியபடி முற்றத்தில் நடப்பதும் தெரிந்தது. தோய்ந்துவிட்டு, ஈரத்தலையோடு, வீட்டுப் பக்கம் திரும்பியும் பாராமல் கராச்சுக்குள் போனாள். திறப்பைத் திருப்பினாள். ஸ்ராட் வந்தது, ஆனால் ஒரு கணம் யோசித்துத்தான் வந்தது. அந்தக் கணத்தில் அவள் செத்துப் பிழைத்தாள்.

வீட்டுக்கு வந்து ஈரத்தலை காயுமுன் போன் அடித்தது. லண்டனில் இருந்துகொண்டு உரும்பிராயில் இலை விழுவதையும் பார்க்கிற காலம் இது.

"கலா, துடக்கோடை என்ரை வளவுக்கை போனனீரோ? கமராவிலை கண்டனான்."

"ஓம் அக்கா, போனனான். கராச்சுக்கு மட்டும்தான். பூசை அறைப் பக்கம் போகேல்லை."

"கராச்சும் வீடுதானே. நான் அவ்வளவு சொல்லியும் போனால் என்ன அர்த்தம்? அந்தியேட்டி முடிஞ்ச பிறகு திறப்பைக் கொண்டுபோய்ப் பிரகாஸிட்டைக் குடும். வேறை ஆள் பாக்கிறன்."

"குடுக்கிறன் அக்கா. அதுவரைக்கும் நான் போவன்."

சொன்னபடியே போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை கமராவுக்குக் கீழே நின்று, முகத்தை நன்றாகக் காட்டிவிட்டு உள்ளே போனாள். பிழைப்புப் போகப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வீடு போனால் மற்ற இரண்டு வீடும் போகும். லண்டனும் கனடாவும் ஒரே குசினியில் சமைக்கிறமாதிரித்தான் கதைத்துக்கொள்ளும். அதைவிட அந்த "டிக்"தான் அவளுக்குப் பயம்.

அந்தியேட்டிக்கு முன்னரே, ஒரு பின்னேரம், துஷாந்தினி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. அம்புலன்ஸ் தென்மராட்சிப் பக்கம் போயிருந்தது. வரச் சுணங்கும் என்றார்கள். கிளரன்ஸ் அண்ணை அந்தக் கிழமைதான் ஊருக்குத் திரும்பியிருந்தார். உதயகலா திறப்பை நீட்டியபோது அவர் வாங்கத் தயங்கினார். அவருக்கும் அந்தச் சத்தம் ஞாபகம் இருந்தது.

"ஏறுங்கோ அண்ணை," என்றாள். "நான் வெள்ளிக்கு வெள்ளி சத்தம் கேட்டு வைச்சிருக்கிறன்."

ஒரே திருப்பு. கார் ஸ்ராட் வந்தது. துஷாந்தினியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு ஒழுங்கையால் திரும்பிப் போய்விட்டது. அவ்வளவுதான். ஒரு கை திரும்புகிற நேரம்.

உதயகலா வெறும் கராச்சுக்குள் நின்றாள். சந்தோசம் வரும் என்றுதான் எதிர்பார்த்தாள். இத்தனை வருடமாக இந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே பேயாக அலைந்தாள். வந்தது சந்தோசமில்லை. ஒரு உயிருக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டதா என்று நினைத்தாள். அப்படியே சீமெந்துத் தரையில் குந்தினாள். புருசனின் செத்தவீட்டிலும் அழாதவள், புகை மணம் போகாத அந்த வெறுமைக்குள் வாய்விட்டுக் கத்தி அழுதாள்.

போன் அடித்தது.

"கலா, காரை ஆர் கொண்டு போறது? ஏன் நீர் நிலத்திலை இருக்கிறீர்? என்ன நடந்தது?"

"துஷாந்தினிக்கு வலி கண்டிட்டுது அக்கா. கிளரன்ஸ் அண்ணை கொண்டு போறார். ஒரே திருப்பிலை ஸ்ராட் வந்தது."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சுக் கேட்டது. "அப்பாடா. நல்ல காலம்."

"அண்டைக்கும் வந்திருக்கும் அக்கா," என்றாள் உதயகலா. "துடக்கெண்டு பாராமல் நாங்கள் போயிருந்தால், அண்டைக்கும் வந்திருக்கும்."

ஞானாம்பிகை போனை வைக்கவில்லை.