புளி போட்டு மினுக்கிய சாம்பல் தட்டுகள்

கனடாவில் மொன்றியல் துறைமுகக் கிடங்கில் பெட்டி இறக்கியே புறநகர் கர்க்லாண்டில் வீடு வாங்கினேன். முதலில் நகருக்குள் கோட்-டெ-நெய்ஜில் ஓர் அறைக்குள் ஆறு பேரோடு நெருக்கியடித்துப் படுத்தவன் நான். இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பினேன். பிரெஞ்சில் சண்டை பிடிக்கும் அளவுக்குப் பழகினேன். சிறுவயதில் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைத்தே பள்ளிக்கூடத்தைத் தொலைத்தவனுக்கு இது சும்மா வந்ததா?

வீடு வாங்கியவர்கள் எங்கள் ஆட்களில் பலர் இருக்கிறார்கள். என் நிலக்கீழ் அறையில் இருப்பது வேறு எவரிடமும் இல்லை. புகை பிடிக்கும் சுங்கான்கள், மூக்குப்பொடி டப்பிகள், சுருட்டு நுனி வெட்டும் கருவிகள், நயாகரா படம் போட்ட லைட்டர்கள். ஒரு சிப்பாய் பீரங்கிக் குண்டின் வெற்றுப் பித்தளை உறையை வெட்டிச் செய்த சாம்பல் தட்டுகூட உண்டு. தேவாலயச் சந்தைகளிலும் வீட்டு முற்ற விற்பனைகளிலும் பனியில் நின்று பொறுக்கியவை. ஒரு சுருட்டும் நான் பிடித்ததில்லை. அந்தப் புகையிலைப் பயிர் என்னிடமிருந்து எடுத்ததைத் திருப்பி எடுக்கிறேன் என்று ஒரு வீம்பு.

பழம்பொருள் காட்சி நடத்தும் சிறிய மண்டபம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணை மகள் அழைத்திருந்தாள். பிடித்தால் ஒரு முழு அலமாரி, மேலே என் பெயர். அதுதான் பேச்சு. அவள் வரும் நாள் மகள் கூப்பிடுவதற்கு முன்பே சவரம் செய்து கோட்டும் போட்டுவிட்டேன்.

அந்தப் பெண் வந்ததும் கீழே இறங்கி விளக்கைப் போட்டேன். கண் கூசியது. பித்தளை எல்லாம் கல்யாண வீட்டுக் குத்துவிளக்குப் போல் பளபளத்தது.

“என்னப்பா செய்தனீர்?” என்றேன் மனைவியிடம்.

“விடிய எழும்பிப் புளி போட்டு மினுக்கினனான். ஆக்கள் வாற வீடு. இப்பிடிக் கறுத்துக் கிடந்தா என்ன நினைப்பினம்? வருசக்கணக்கா இந்தக் குப்பையைத் துடைச்சனீங்களே?”

“அந்தக் கறுப்புத்தானப்பா அதின்ர வயசு!”

“வயசுக்கு நீங்கள் ஒராள் வீட்டில போதும்.”

மகள் சிரிப்பை அடக்கினாள். வந்தவள் சாம்பல் தட்டைத் தூக்கி, திருப்பி, மெல்ல வைத்தாள். அவள் பிரெஞ்சில் சொன்னது எனக்கே விளங்கியது; ஆனாலும் மகள் தமிழாக்கினாள்.

“அப்பா, இது இப்ப நேற்றுச் செய்த சாமான் மாதிரி இருக்காம். பித்தளை ஒண்டும் வேண்டாமாம். தெசோலே, மன்னிக்கட்டாம் எண்டுறா.”

என் மனைவி அவளுக்குத் தேநீரும் வடையும் கொடுத்தாள். வடை நல்லாயிருக்கிறது என்றாள் வந்தவள். போகும்போது புளி படாத மரச் சுங்கான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

கறுப்பு இனி வராது. வரும் என்கிறார்கள், ஆனால் அதற்கு என்னிடம் இல்லாத ஓர் ஆயுள் வேண்டும். மகளிடம் கேட்டேன், நான் போன பிறகு இவற்றை என்ன செய்வீர்கள் என்று. “பேந்து பார்ப்பமப்பா” என்றாள். அந்தப் ‘பேந்து’ எந்தப் பிறகு என்று எனக்குத் தெரியும். அது குப்பைப் பை.

போன கிழமை அந்த மண்டபத்துக்குப் போனேன். மூலையில் என் சுங்கான். கீழே சிறிய அட்டை: ‘கர்க்லாண்ட் குடும்பம் ஒன்றின் அன்பளிப்பு.’

குடும்பமா? அந்தக் குடும்பம் எப்போது பனியில் நின்றது? மண்டபத்தாரே, அட்டையை மாற்றுங்கள். மற்றவற்றை மினுக்கியது மனைவி என்று வேண்டுமானால் அதிலேயே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தேடிக் கண்டெடுத்தவன் நான். என் பெயரை முழுதாகப் போடுங்கள்.